குரூஸ் கன்ட்ரோலைக் கண்டுபிடித்தவருக்குக் கண் பார்வை இல்லை: ரால்ப் டீட்டரின் கதை உங்கள் ஹைபிரிட் காருக்கு என்ன சொல்கிறது?

சுபாங் ஜெயாவிலிருந்து தினமும் காரில் வேலைக்குப் போய் வருபவரா நீங்கள்? அப்படியென்றால் இந்தக் காட்சி உங்களுக்குப் பழக்கமாக இருக்கும். மாலை நேரம். கெசாஸ் நெடுஞ்சாலையில் நெரிசல் கொஞ்சம் விலகுகிறது. ஸ்டீயரிங்கில் இருக்கும் ஒரு பொத்தானை அழுத்துறீங்க. கார் அந்த வேகத்தைப் பிடித்துக்கொள்கிறது. எண்ணெய்ப் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுறீங்க.

அந்தப் பொத்தானின் மூதாதையைக் கண்டுபிடித்தவர் ஒரு அமெரிக்கப் பொறியாளர். பெயர் ரால்ப் டீட்டர். ஐந்து வயதில் ஏற்பட்ட ஒரு விபத்தால் இரண்டு கண்களிலும் பார்வையை இழந்தவர். காரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவியை உருவாக்கியவர், பெரியவரான பிறகு ஒருமுறைகூடச் சாலையைக் கண்ணால் பார்த்ததில்லை.

இன்னொரு செய்தியும் உண்டு. அவர் அந்தக் கருவியைச் செய்யத் தூண்டிய காரணங்களில் ஒன்று நம் ஊர் ரப்பர். அமெரிக்காவில் இருந்த டீட்டருக்கும் மலாயா தோட்டங்களுக்கும் என்ன தொடர்பு? புதிதாக ஹைபிரிட் கார் வாங்கியவர்கள் இவர் கதையை ஏன் தெரிந்துகொள்ள வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஐந்து வயதில் நடந்த விபத்து

ரால்ப் டீட்டர் 1890 ஆகஸ்ட் 17-ஆம் தேதி, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள ஹேகர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் பிறந்தார். ஐந்து வயதில் கத்தியை வைத்துக்கொண்டு விளையாடியபோது அதன் முனை ஒரு கண்ணில் பாய்ந்தது. ஓராண்டுக்குள் மற்றொரு கண்ணிலும் பார்வை போய்விட்டது. ஒரு கண்ணில் ஆழமான காயம் ஏற்பட்டால், உடலின் எதிர்ப்புச் சக்தியே நல்ல கண்ணையும் தாக்கும் நிலை சிலருக்கு வரும். அன்றைய மருத்துவத்தில் அதற்கு வழி இல்லை.

அவருடைய பெற்றோர் எடுத்த முடிவுதான் அவர் வாழ்க்கையை மாற்றியது. மகனைத் தனியாக உட்கார வைத்துப் பொத்திப் பொத்தி வளர்க்கவில்லை. மற்ற பிள்ளைகள் செய்வதை இவனும் செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். நம் வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் எத்தனை பேருக்கு அந்தத் துணிச்சல் வரும் என்று யோசித்துப் பாருங்க.

குடும்பத்துக்கு ஒரு பட்டறை இருந்தது. அவருடைய பெரிய குடும்பத்தில் ஒருவர், தண்டவாளத்தில் மிதித்து ஓட்டும் சைக்கிள் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். ரயில் பாதையைச் சோதிக்கும் ஊழியர்களுக்கான வண்டி அது. அதைத் தயாரிக்கத் தொடங்கிய பட்டறை, பிறகு பெட்ரோல் இயந்திரங்களுக்கு மாறியது. சிறுவன் ரால்ப் அங்கேயே வளர்ந்தான். திருகாணி எது, பற்சக்கரம் எது, எந்தப் பாகம் எந்தப் பாகத்தில் பொருந்தும் என்பதெல்லாம் விரல் நுனியில் பதிந்தது. ஏறக்குறைய 12 வயதில், உறவுக்காரப் பையனுடன் சேர்ந்து பெட்ரோலில் ஓடும் ஒரு சிறிய காரையே செய்துவிட்டார்.

பல்கலைக்கழகமும் போர்க்கப்பலும்

இயந்திரப் பொறியியல் படிக்க ஆசைப்பட்டபோது பல கல்லூரிகள் தயங்கின. பார்வை இல்லாதவர் வரைபடத்தை எப்படிப் படிப்பார், பட்டறையில் எப்படி வேலை செய்வார் என்ற கேள்விதான் காரணம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவருடைய உறவுக்காரப் பெண் ஒருவர் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தார். அவருடைய முயற்சியில் அங்கே இடம் கிடைத்தது. பாடப் புத்தகங்களை மற்றவர்கள் வாசித்துக் காட்ட, காதால் கேட்டு மனத்தில் வாங்கிக்கொண்டார். 1912-இல் பொறியியல் பட்டம் பெற்றார்.

முதல் உலகப் போர்க் காலத்தில் நியூ ஜெர்சியில் உள்ள கப்பல் கட்டும் தளத்தில் அவருக்கு ஒரு சவால் காத்திருந்தது. போர்க்கப்பல்களின் நீராவி டர்பைன்களில் சுழலும் பெரிய உருளைகள் சமநிலை இல்லாமல் அதிர்ந்தன. ஒரு பக்கம் எடை கொஞ்சம் கூடினாலும், வேகமாகச் சுழலும்போது அந்தச் சிறு பிழை பெரிய அதிர்வாக மாறும். உங்கள் கார் டயரை பேலன்ஸ் செய்யாமல் விட்டால் ஸ்டீயரிங் உதறுமே, அதே விஷயம்தான். டீட்டர் அந்த உருளைகளைச் சமநிலைப்படுத்தும் முறையை உருவாக்கினார். கண்ணால் காண முடியாத நுண்ணிய அதிர்வு அவர் விரலுக்குத் தெரிந்தது.

போர் முடிந்து ஊர் திரும்பியதும் குடும்பத் தொழிலில் முழுமையாக இறங்கினார். அந்த நிறுவனம் இப்போது பிஸ்டன் ரிங் தயாரிப்பில் இறங்கியிருந்தது. இயந்திரத்தில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் உலோக வளையம் அது. எரியும் வாயு கீழே கசியாமலும், மசகு எண்ணெய் மேலே ஏறி எரியாமலும் காக்கிறது. வளையம் தேய்ந்தால் கார் புகை கக்கும், எண்ணெய் குடிக்கும். 1926-இல் இந்த நிறுவனத்துக்கு பெர்ஃபெக்ட் சர்க்கிள் என்று பெயர் வந்தது. பின்னாளில் டீட்டர் அதன் தலைவரானார்.

அதற்கும் முன்பு, 1936-இல், அமெரிக்காவின் வாகனப் பொறியாளர்கள் சங்கமான எஸ்.ஏ.இ.-க்கு அவர் தலைவராக இருந்தார். இந்தச் சங்கத்தின் பெயரை மறக்காதீங்க. கட்டுரையின் கடைசிப் பகுதியில் திரும்பி வரும்.

இதில் நம் ஊர் ரப்பர் எங்கே வருகிறது?

இன்று நீங்கள் வசிக்கும் சுபாங் ஜெயாவும் யூ.எஸ்.ஜே.-யும் ஒரு காலத்தில் சீபீல்ட் தோட்டம். 1976-இல்தான் இந்தப் பகுதி வீடமைப்பு நகரமாக மாறத் தொடங்கியது. யூ.எஸ்.ஜே. 25-இல் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலின் பெயரோடு சீபீல்ட் என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தான். உங்கள் தாத்தாவோ பாட்டியோ விடியற்காலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டப் போன கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சிலாங்கூர் முழுக்க, ஏன் மலாயா முழுக்கவே, அப்படிப்பட்ட தோட்டங்கள் இருந்தன. அங்கே வடிந்த பால், டயராக மாறி அமெரிக்கச் சாலைகளில் ஓடியது.

1942 ஜனவரி 11-ஆம் தேதி ஜப்பானியப் படை கோலாலம்பூரைப் பிடித்தது. பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது. டச்சுக்காரர்கள் ஆண்ட இந்தோனேசியத் தீவுகளும் கைமாறின. அமெரிக்கா பயன்படுத்திய இயற்கை ரப்பரில் சுமார் 90 விழுக்காடு இந்த வட்டாரத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. அது ஒரே அடியாக நின்றுபோனது. அதன் பிறகு நம் மக்கள் பட்டது தனிக் கதை. தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண இரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை.

அமெரிக்காவில் இதன் விளைவு வேறு மாதிரி இருந்தது. டயருக்குப் பங்கீடு வந்தது. இருக்கும் டயர்கள் தேயாமல் இருக்க வேண்டும் என்பதற்காக 1942-இல் நாடு முழுவதும் மணிக்கு 35 மைல், அதாவது சுமார் 56 கிலோமீட்டர், என வேக வரம்பு விதிக்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் பெட்ரோல் பங்கீடு நாடு முழுவதற்கும் விரிந்தது. அதற்கும் முக்கியக் காரணம் எண்ணெய்ப் பற்றாக்குறையைவிட ரப்பர் பற்றாக்குறைதான்.

சட்டம் போட்டுவிட்டார்கள், சரி. ஆனால் ஒரே வேகத்தில் காலை வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று கார் ஓட்டும் உங்களுக்குத் தெரியும். கவனம் கொஞ்சம் சிதறினால் முள் ஏறிவிடும். கவனித்துக் காலைத் தளர்த்தினால் இறங்கிவிடும். ஒரு கருவி இதைப் பார்த்துக்கொண்டால் எவ்வளவு நன்றாக இருக்கும்? டீட்டரின் மனத்தில் இந்த எண்ணம் ஊறியது.

வழக்கறிஞரின் கார் ஏன் குலுங்கியது?

அந்த எண்ணத்துக்கு உரம் போட்டவர் அவருடைய காப்புரிமை வழக்கறிஞர் என்று சொல்லப்படுகிறது. டீட்டர் அடிக்கடி அவருடைய காரில் பயணம் செய்வார். அந்த வழக்கறிஞருக்கு ஒரு பழக்கம். பேசும்போது கால் தளரும், கார் மெதுவாகும். மற்றவர் பேசுவதைக் கேட்கும்போது கால் அழுந்தும், கார் பாயும். பேச்சு நீள நீள, கார் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே போகும்.

பார்வை உள்ளவர்கள் ஜன்னல் வழியே வெளியே பார்த்து இந்த ஆட்டத்தை ஓரளவு மறந்துவிடுவார்கள். டீட்டருக்கு அந்த வழி இல்லை. காரின் ஒவ்வொரு இழுப்பும் ஒவ்வொரு தள்ளலும் உடம்பில்தான் தெரிந்தது. டர்பைன் அதிர்வைக் கண்டுபிடித்த அதே உணர்வு இங்கேயும் வேலை செய்தது. வேகம் ஏறி இறங்குவது மற்றவர்களுக்கு வெறும் பழக்கம். அவருக்கு அது ஓர் இயந்திரக் கோளாறு, சரிசெய்ய வேண்டிய விஷயம்.

கருவி எப்படி வேலை செய்தது?

கோயில் திருவிழாவில் சங்கிலி ராட்டினம் பார்த்திருப்பீர்கள். வேகம் கூடக் கூட நாற்காலிகள் வெளிப்பக்கமாக விரியும். வேகம் குறைந்தால் உள்ளே தொங்கும். நீராவி இயந்திரங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்த 18-ஆம் நூற்றாண்டிலேயே ஜேம்ஸ் வாட் இந்தத் தத்துவத்தைப் பயன்படுத்தினார். டீட்டரும் அதையே எடுத்துக்கொண்டார். காரின் வேகத்துக்கு ஏற்பச் சுழலும் எடைகள் ஒரு பக்கம் தள்ளும். ஓட்டுநர் முன்னே உள்ள திருகியில் வேகத்தைத் தேர்வு செய்தால், ஒரு சுருள்வில் மறுபக்கம் தள்ளும். இரண்டும் சமமாகும் இடம்தான் தேர்ந்தெடுத்த வேகம்.

அவருடைய காப்புரிமை 1950 ஆகஸ்ட் 22-ஆம் தேதி கிடைத்தது. அதன் தலைப்பே சுவாரசியமானது. எண்ணெய்ப் பெடலின் இயக்கத்தை எதிர்க்கும் கருவி என்றுதான் அதில் இருக்கிறது. அதாவது, முதல் வடிவம் காரைத் தானாக ஓட்டவில்லை. குறித்த வேகத்தை எட்டியதும் பெடல் உங்கள் பாதத்தைத் திருப்பித் தள்ளும். போதும், இதுதான் வரம்பு என்று பாதத்துக்குத் தெரியும். அவசரமாக முந்த வேண்டுமென்றால் இன்னும் பலமாக மிதிக்கலாம். கண்ணை மீட்டரில் வைக்காமல், தொடு உணர்வால் வேகத்தை அறியும் வழி அது. பார்வையற்றவர் ஒருவர் செய்த கருவி வேறு எப்படி இருக்கும்?

பெடலிலிருந்து காலை எடுத்தாலும் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும் வசதி பிறகு சேர்ந்தது. பிரேக்கைத் தொட்டால் கருவி விலகிவிடும். இந்த விதி இன்று உங்கள் காரிலும் அப்படியே இருக்கிறது.

1958-ஆம் ஆண்டு மாடல்களில் கிரைஸ்லர் நிறுவனம் இம்பீரியல், நியூ யார்க்கர், வின்ட்சர் ஆகிய கார்களில் இதைக் கொண்டுவந்தது. டீட்டரின் நிறுவனம் வைத்திருந்த பெயர் ஸ்பீடோஸ்டாட். கிரைஸ்லர் வைத்த பெயர் ஆட்டோ பைலட். கேடிலாக் நிறுவனம் வைத்த குரூஸ் கன்ட்ரோல் என்ற பெயர்தான் கடைசியில் நிலைத்தது.

ஆட்டோ பைலட் என்ற பெயரைக் கொஞ்சம் கவனியுங்கள். கருவி செய்தது ஒன்றே ஒன்று, வேகத்தைப் பிடித்தது. பெயர் சொன்னதோ காரே தன்னை ஓட்டிக்கொள்ளும் என்று. பெயருக்கும் வேலைக்கும் உள்ள இந்த இடைவெளி அன்றே தொடங்கிவிட்டது.

1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. அமெரிக்கா மறுபடியும் வேக வரம்பைக் கொண்டுவந்தது, இம்முறை மணிக்கு 55 மைல். ஒரே சீராக ஓட்டினால் எண்ணெய் மிச்சம் என்பதை மக்கள் அப்போதுதான் பரவலாக உணர்ந்தார்கள். சொகுசுக்காரில் மட்டும் இருந்த கருவி சாதாரணக் குடும்பங்களின் காருக்கும் வந்தது.

டீட்டரின் பாடம் 1: குலுங்காமல் ஓட்டினால் எண்ணெய் மிச்சம்

இப்போது உங்கள் ஹைபிரிட் காருக்கு வருவோம். கிள்ளான் புக்கிட் ராஜாவிலேயே ஹைபிரிட் கார் பொருத்தப்படும் காலம் இது. அண்டை வீட்டில் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று என்று எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. ஆனால் பலர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: விளம்பரத்தில் சொன்ன சிக்கனம் என் காரில் ஏன் வரவில்லை?

வழக்கறிஞரின் காரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை பாய்வதற்கும் எண்ணெய் செலவாகிறது. ஒவ்வொரு முறை அழுத்தமாக பிரேக் போடும்போதும் அந்தச் சக்தி வெப்பமாக வீணாகிறது. ஹைபிரிட் கார் இதில் ஒரு பகுதியைத் திரும்பப் பிடிக்கிறது. பிரேக்கை மெதுவாக மிதித்தால், மின் மோட்டார் தலைகீழாக வேலை செய்து மின்சாரம் தயாரித்து பேட்டரிக்கு அனுப்பும். திடீரென்று அழுத்தினால் சாதாரண பிரேக் பட்டைகள் களத்தில் இறங்கிவிடும். சக்தி வெப்பமாகப் போய்விடும்.

அதனால் இவற்றைப் பழகிப் பாருங்க:

• சிவப்பு விளக்கு தூரத்தில் தெரியும்போதே காலை எடுத்துவிடுங்கள். பிரேக்கை முன்கூட்டியே, மெதுவாக, நீளமாகப் போடுங்கள். பேட்டரி நிரம்புவதைத் திரையிலேயே பார்க்கலாம்.

• பச்சை விழுந்ததும் ஆமை மாதிரி நகர வேண்டாம். மின்சாரத்திலேயே போக வேண்டும் என்று பின்னால் வருபவர்களைக் காக்க வைப்பதில் பெரிய இலாபம் இல்லை. காலியான பேட்டரியை நிரப்ப இயந்திரம் பிறகு எப்படியும் ஓட வேண்டும். மிதமாக ஏறி, வேண்டிய வேகத்துக்கு வந்ததும் பெடலைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

• டொயோட்டா வகை ஹைபிரிட்டில் சிக்னலில் நிற்கும்போது கியரை என்-னுக்கு மாற்றாதீங்க. அந்த நிலையில் பேட்டரி நிரம்பாது. டி-யிலேயே வைத்து பிரேக்கைப் பிடித்திருங்கள்.

• பி என்ற நிலை கெந்திங் மலையிலிருந்து இறங்குவது போன்ற நீண்ட இறக்கத்துக்கானது. சமதளத்தில் எப்போதும் அதில் ஓட்டினால் சிக்கனம் கூடாது.

• பல ஹைபிரிட் கார்களில் பின் இருக்கை ஓரம் ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். பேட்டரி குளிர்வதற்கான வழி அது. பை, துணி, குழந்தையின் பொம்மை எதையும் அங்கே வைக்காதீர்கள்.

• டயர் காற்றை மாதம் ஒருமுறையாவது பாருங்கள். காற்று குறைந்த டயர் எந்தத் தொழில்நுட்பத்தையும் தோற்கடிக்கும்.

வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 90-லிருந்து 110 கிலோமீட்டருக்குப் போனால் வேகம் 22 விழுக்காடுதான் கூடுகிறது. காற்றின் எதிர்ப்போ ஏறக்குறைய 50 விழுக்காடு கூடுகிறது. ஊருக்குள் நெரிசலில் மிகச் சிக்கனமாக இருக்கும் ஹைபிரிட், ஈப்போவுக்குப் பறந்து போகும்போது மட்டும் எண்ணெய் குடிப்பது இதனால்தான். நெடுஞ்சாலையில் பிரேக் போடும் வாய்ப்பே குறைவு, திரும்பப் பிடிக்கச் சக்தியும் இல்லை.

குரூஸ் கன்ட்ரோல் இங்கே உதவும், ஆனால் எல்லா இடத்திலும் அல்ல. சமமான, நெரிசல் இல்லாத நெடுஞ்சாலையில் அது நல்லது. ஏற்ற இறக்கம் அதிகமான காராக் பாதையில், குறித்த வேகத்தைக் காப்பாற்ற அது மேட்டில் இயந்திரத்தை முறுக்கும். அங்கே உங்கள் பாதம் அதைவிடப் புத்திசாலி. மேட்டில் வேகம் கொஞ்சம் குறையட்டும் என்று விட்டு, இறக்கத்தில் மீட்டுக்கொள்ளலாம்.

டீட்டரின் பாடம் 2: காலுக்குத்தான் ஓய்வு, கண்ணுக்கு இல்லை

டீட்டரின் கருவிக்கும் கண் இல்லை. முன்னால் லோரி நின்றாலும் அது குறித்த வேகத்திலேயே போகும். பார்ப்பது ஓட்டுநரின் வேலை. 1990-களில்தான் காருக்குக் கண் பொருத்தத் தொடங்கினார்கள். 1995-இல் மிட்சுபிஷி லேசர் உதவியுடன் முன்னால் உள்ள காரின் தூரத்தை அளந்தது. 1999-இல் மெர்சிடிஸ் பென்ஸ் ரேடாரைக் கொண்டுவந்தது. இதுதான் இன்று ஏ.சி.சி. என்று அழைக்கப்படும் அடாப்டிவ் குரூஸ் கன்ட்ரோல். 2021 நவம்பரில் பெரொடுவா மைவியின் உயர்ந்த வகைக்கே அது வந்துவிட்டது. இனி அது பணக்காரர்களின் வசதி மட்டும் அல்ல.

ஆனால் அந்தக் கண் உங்கள் கண் இல்லை. எங்கெல்லாம் அது தடுமாறும் என்று தெரிந்துகொள்ளுங்கள்:

• நின்றுகொண்டிருக்கும் வாகனம். சாலையோரப் பலகை, மேம்பாலத் தூண் போன்ற அசையாத பொருள்களுக்கெல்லாம் பிரேக் போடக் கூடாது என்பதால், வேகமாகப் போகும்போது அசையாதவற்றை ரேடார் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். பழுதாகி நிற்கும் லோரியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடலாம்.

• இரண்டு தடங்களுக்கு நடுவே புகுந்து வரும் மோட்டார் சைக்கிள். கூட்டரசு நெடுஞ்சாலையில் ஓட்டுபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மெல்லிய உருவம், பக்கவாட்டிலிருந்து திடீர் நுழைவு இரண்டையும் கருவி தாமதமாகவே கண்டுகொள்ளும்.

• மாலை நேரப் பெருமழை. கேமராவுக்கு முன்னால் கண்ணாடி முழுக்க நீர். தடக் கோடுகள் மறைந்துவிடும். சில கார்கள் எச்சரிக்கை காட்டிவிட்டு உதவியை நிறுத்திக்கொள்ளும்.

• டோல் சாவடி. கோடுகள் விரிந்து மறையும் இடம். தடத்தில் நிறுத்தும் உதவி அங்கே எதைப் பிடித்துக்கொள்ளும்? சாவடிக்கு முன்பே எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

முன்காருக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியை ஏ.சி.சி.-யில் நீங்களே தேர்வு செய்யலாம். நீண்ட இடைவெளியை வையுங்கள். நடுவில் யாராவது வெட்டி நுழைவார்கள் என்பது உண்மைதான், நம் சாலையில் அது தினசரி நடப்பு. நுழையட்டும். இடைவெளி குறைவாக இருந்தால் கார் அடிக்கடி அழுத்தி பிரேக் போடும், அடிக்கடி பாயும். வழக்கறிஞரின் கார் மறுபடியும் வந்துவிடும். எண்ணெயும் போகும், நிம்மதியும் போகும்.

மணிக்கு 90 கிலோமீட்டரில் ஒரு நொடிக்கு 25 மீட்டர் போகிறீர்கள். கைப்பேசியில் ஒரு செய்தியைப் பார்க்க இரண்டு நொடி. கண்ணை மூடிக்கொண்டு 50 மீட்டர் ஓட்டியதற்குச் சமம் அது. கருவி இருக்கிறதே என்ற தைரியத்தில்தான் பலர் அந்த இரண்டு நொடியை எடுத்துக்கொள்கிறார்கள்.

எஸ்.ஏ.இ. சங்கத்தை மறக்காதீங்க என்று சொன்னேன் இல்லையா? 1936-இல் டீட்டர் தலைமை வகித்த அதே சங்கம்தான், 2014-இல் வாகனத் தானியக்கத்துக்கான தரவரிசையை வெளியிட்டது. 0 முதல் 5 வரை ஆறு நிலைகள். வேகமும் இடைவெளியும் மட்டும் கார் பார்த்துக்கொண்டால் 1. அதோடு ஸ்டீயரிங்கிலும் உதவினால் 2. இந்த நிலைகளில் ஓட்டுநர் நீங்கள்தான், முழு நேரமும் கண் சாலையில் இருக்க வேண்டும். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான புதிய கார்கள், விளம்பரத்தில் என்ன பெயர் சொன்னாலும், இந்த 2-ஆம் நிலையைத் தாண்டுவதில்லை. கார் வாங்கும்போது விற்பனையாளரிடம் பெயரைக் கேட்காதீர்கள், நிலை என்ன என்று கேளுங்கள். கையேட்டில் எந்தெந்தச் சூழலில் வேலை செய்யாது என்று ஒரு பகுதி இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

கடைசிக் காலம்

பெர்ஃபெக்ட் சர்க்கிள் நிறுவனம் 1963-இல் டானா நிறுவனத்திடம் கைமாறியது. டீட்டர் ஓய்வு பெற்ற பிறகும் கண்டுபிடிப்பதை நிறுத்தவில்லை. பூட்டு, மீன்பிடித் தூண்டிலைத் தாங்கும் கருவி என்று கை எதையாவது செய்துகொண்டே இருந்தது. அவருடைய மகள் மார்ஜரி பின்னாளில் தந்தையின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார்.

1982 பிப்ரவரி 15-ஆம் தேதி, 91 வயதில் டீட்டர் காலமானார். 1988-இல் அமெரிக்க வாகனத் துறையின் புகழ் மன்றத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது. ரேடாரும் கேமராவும் சேர்ந்த குரூஸ் கன்ட்ரோலை அவர் அறியவில்லை. ஆனால் அவற்றுக்கு அடியில் இருப்பது அவருடைய பழைய எண்ணம்தான்: வேகம் சீராக இருக்கட்டும், அந்தச் சுமை காலை விட்டு இறங்கட்டும்.

அவர் வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் ஓட்டிய காரில் பயணம் செய்தார். ஒவ்வொரு பயணத்திலும் தன் உயிரை ஓட்டுபவரின் கண்களை நம்பி ஒப்படைத்தார். உங்கள் காரின் பின் இருக்கையில் தூங்கும் குழந்தையும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் வயதான அம்மாவும் அதையேதான் செய்கிறார்கள்.

இன்று மாலை வீடு திரும்பும்போது ஒரு சோதனை செய்து பாருங்க. பக்கத்தில் இருப்பவரைக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் உடம்பு எத்தனை முறை முன்னும் பின்னும் ஆடியது என்று கேளுங்கள். குறைவாக ஆடியிருந்தால் எண்ணெய் மிச்சம். அதிகமாக ஆடியிருந்தால், நாளையிலிருந்து காலைக் கொஞ்சம் மென்மையாக வையுங்கள். கண்ணை மட்டும் நீங்கள் மூடிவிடாதீர்கள். அந்த வேலைக்கு இன்னும் மாற்று வரவில்லை.